மூன்றாவது அழைப்பு

சிவநேசன் அண்ணை, நீங்கள் என் அம்மாவிடம் பொய் சொன்னீர்கள். என்னிடமும் சொன்னீர்கள். மூன்று நாளில் மூன்று முறை.

சுற்றிவளைத்து எழுத எனக்கு வராது. இந்தத் தொடரில் இதுவரை உங்களைப் பற்றி நல்லதாகவே எழுதினேன். விமான நிலையத்துக்கு என்னைக் கூட்டிப்போக வந்ததை எழுதினேன். நான் நடுங்கியதைப் பார்த்து உங்கள் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டதை எழுதினேன். லண்டன் வெம்பிளி வீட்டில் மேல்மாடிச் சின்ன அறையைத் தந்ததை எழுதினேன். அதெல்லாம் உண்மை. இதுவும் உண்மை.

போன மாதம் வந்த சங்க மலரில் நீங்கள் எழுதிய ஒரு வரிதான் இந்தக் கிழமை என்னை இதை எழுத வைத்தது. அந்த வரிக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் அந்தக் காலை.

சிவப்பும் பச்சையும்

அது ஒரு சனிக்கிழமை. வசந்தம் தொடங்கியும் குளிர் விட்டுப்போகாத நாட்கள்.

உங்கள் வீட்டு முன்கதவில் நிறக் கண்ணாடி பதித்திருந்தது. வெயில் வரும் காலைகளில் ஹோல் கம்பளத்தில் சிவப்பும் பச்சையுமாக வெளிச்சம் விழும். நான் படியில் இருந்து சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு கால் போட்டாயிற்று. மற்றக் காலின் பெருவிரலில் பச்சை வெளிச்சம் கிடந்தது. விரலை அசைத்தால் வெளிச்சம் அசையாது, விரல்தான் நிறம் மாறும். அதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அன்றைக்கு என் வாழ்க்கையின் மிகப்பெரிய சோதனை. ஆனாலும் மனதில் ஒரு பதற்றமும் இல்லை. தண்ணீருக்கு அடியில் இருப்பது போல இருந்தது.

தொலைபேசி படிக்குக் கீழே சின்ன மேசையில் இருந்தது. எண் சுழற்றும் தட்டில் ஒரு குட்டிப் பூட்டுப் போட்டிருப்பீர்கள். வாடகைக்கு இருக்கிற பெடியள் வெளிநாட்டுக்கு அடித்துவிடக் கூடாது என்பதற்காக. வருகிற அழைப்பை எடுக்கலாம். இங்கிருந்து எடுக்கிறதற்குத் திறப்பு உங்களிடம்.

மணி அடித்தது. நான் எட்டிக் கையை வைத்தேன். நீங்கள் குசினியிலிருந்து ஈரக் கையோடு ஓடிவந்து என் கைக்கு மேலால் றிசீவரைப் பறித்தீர்கள். உங்களுக்கு அப்போது நாரியில் பிடிப்பு, இடுப்பு நிமிராது. அப்படி ஓடக்கூடிய ஆள் இல்லை நீங்கள்.

"ஹலோ" என்றீர்கள். பிறகு "ஓம்" என்றீர்கள். பிறகு ஒன்றுமில்லை.

நீண்ட நேரம் ஒன்றுமில்லை. உங்கள் விரலிலிருந்து தண்ணீர் கம்பளத்தில் சொட்டியது. றிசீவருக்குள் ஒரு சத்தம் கேட்டது. நெருப்புப் பெட்டிக்குள் அடைத்த வண்டின் சத்தம். ஏறும், இறங்கும், நிற்கும், திரும்ப ஏறும். யார், என்ன என்று விளங்காது. ஆனால் யாரோ நிறுத்தாமல் கதைக்கிறார்கள் என்று தெரிந்தது. நீங்கள் என் பக்கம் முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து நின்றீர்கள்.

"ஓம்... ஓம்... விளங்குது. நான் சொல்றன்." வைத்துவிட்டீர்கள்.

"ஆரண்ணை?"

"ராங் நம்பர்."

"இவ்வளவு நேரமோ?"

"இல்லையடாப்பா, சாமான்காரன். கடைக்குச் சாமான் பிந்துமாம். நீ சப்பாத்தைக் கட்டு. நேரம் போகுது."

ஒரே மூச்சில் இரண்டு பொய். இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. எனக்கு அது தெரிந்தது. நான் சப்பாத்தைக் கட்டினேன்.

முட்டைப் பந்து

தொடரை இடையில் வாசிக்கத் தொடங்கியவர்களுக்காகத் திரும்பச் சொல்கிறேன். நான் குலேந்திரன். இப்போது குட்மேய்ஸில் டயர் கடை வைத்திருக்கிறேன். அமெரிக்கன் ஃபுட்போல் விளையாடிச் சம்பளம் வாங்கிய ஆள். குவார்ட்டர்பேக்.

எண்பதுகளின் நடுவில் ஞாயிறு பின்னேரங்களில் தொலைக்காட்சியில் அந்த விளையாட்டுக் காட்டத் தொடங்கினார்கள். லண்டன் பெடியளுக்கு அதில் விசர் பிடித்தது. பூங்காவுக்குப் பூங்கா ஒரு அணி வந்தது. எங்கள் பக்கத்து அணிக்கு ஹெரன்ஸ் என்று பேர். நாரைகள். வெல்ஷ் ஹார்ப் நீர்த்தேக்கத்துக்கு அருகில் பயிற்சி செய்ததால் அந்தப் பேர். எங்கள் ஆட்கள் கொக்கு டீம் என்றார்கள்.

நான் அதில் சேர்ந்தது தற்செயல். அந்த வழியால் வேலை முடிந்து நடந்து வந்தேன். பந்து ஒன்று உருண்டு என் காலடிக்கு வந்தது. முட்டை வடிவப் பந்து. எடுத்துத் திருப்பி எறிந்தேன். ஊரில் கல்லூரி அணிக்குக் கிரிக்கெட் ஆடியபோது எனக்குத் துடுப்பும் வராது, பந்துவீச்சும் வராது. எல்லைக் கோட்டில் நின்று விக்கெட்டுக்கு நேராக எறிய மட்டும் வரும். அதே எறிதான். பந்து எல்லாருடைய தலைக்கும் மேலால் போய் மற்றக் கரையில் நின்றவனின் நெஞ்சில் பட்டது.

வால்டர் என்கிற பயிற்சியாளர் என்னை நோக்கி நடந்து வந்தார். அமெரிக்கர், இங்கே கலியாணம் கட்டித் தங்கிவிட்டவர். "இன்னொருக்கா எறி" என்றார். எறிந்தேன். "வேலை என்ன?" "பேக்கரியில ஷிப்ட்." "செவ்வாயும் வியாழனும் பின்னேரம் வா."

குவார்ட்டர்பேக் என்றால் என்ன என்று கோயிலில் சனம் இன்னும் கேட்கிறது. சுருக்கமாகச் சொல்கிறேன். பதினொரு பேரில் ஒருவன் குனிந்து பந்தைக் கால்களுக்கு இடையால் பின்னுக்குத் தருவான். அதை வாங்குகிறவன் குவார்ட்டர்பேக். வாங்கியதும் மாடுகள் மாதிரி நாலைந்து பேர் அவனை விழுத்த ஓடி வருவார்கள். மூன்று நொடி இருக்கும். அதற்குள் தன் ஆள் எங்கே ஓடுகிறான் என்று பார்த்து எறியவேண்டும். அவன் நிற்கிற இடத்துக்கு எறிந்தால் பிழை. அவன் போய்ச் சேரப்போகிற இடத்துக்கு எறியவேண்டும். எறியும்போது அந்த இடம் வெறுமையாகத்தான் இருக்கும்.

மார்கழி, தை மாதங்களில் நீர்த்தேக்கத்திலிருந்து பனிப்புகார் எழும்பி மைதானத்தை மூடும். அப்போதும் எறிவோம். பந்து கையை விட்டுச் சுழன்று போகும், வெள்ளைக்குள் நுழையும், காணாமல் போய்விடும். பிறகு காது கொடுத்து நிற்கவேண்டும். டப் என்று சத்தம் வந்தால் பிடித்துவிட்டான். வராவிட்டால் விழுந்துவிட்டது. அந்த இரண்டு நொடி எனக்குப் பிடிக்கும். உலகத்தில் வேறு யாரும் இல்லாத இரண்டு நொடி.

எனக்குப் பந்தைக் குனிந்து தருகிறவன் டெரன்ஸ். ஹார்ல்ஸ்டன் தபால்காரன், தாய் தகப்பன் ஜமேக்கா. "டேய் கூல்" என்றுதான் கூப்பிடுவான். எல்லாரும் கூப்பிடுகிற குலம் என்பது அவன் வாயில் அப்படித்தான் வந்தது. விழுந்தால் தூக்கிவிடுகிறவன் அவன்தான்.

எங்கள் ஆட்கள் பகிடி பண்ணினார்கள். சிவநேசன் அண்ணையின் கடைக்கு வீடியோ கசெட் எடுக்க வருகிறவர்கள் என்னைக் கண்டால் விடமாட்டார்கள்.

"என்ன தம்பி, தலையில சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு ஓடுறீராம்?"

"பந்தைக் கையில வச்சுக்கொண்டு ஓடுறதுக்கு ஃபுட்போல் எண்டு ஏன் பேர்?"

"உதில விழுந்து எலும்பு முறிஞ்சா பெனிபிட் குடுப்பாங்களோ?"

சிவநேசன் அண்ணை மட்டும் சிரிக்கவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும். மழையில் குடை பிடித்துக்கொண்டு ஓரத்தில் நின்றார். விதிகள் ஒன்றும் விளங்காது. நான் எறிந்தால் கை தட்டுவார், பந்து விழுந்தாலும் தட்டுவார். "இவன்ர மனேஜர் நான்" என்று எல்லாரிடமும் சொன்னார். நான் அப்படி ஒரு வேலை கொடுக்கவில்லை. அவராகவே எடுத்துக்கொண்டார்.

அப்பா கேட்ட படம்

என் அப்பா ஊரில் பஸ் சாரதி. நான் ஹெல்மெட் போட்டு நிற்கிற படம் ஒன்றை அனுப்பினேன். முகத்துக்கு முன்னால் கம்பி போட்ட ஹெல்மெட். அப்பா பதில் எழுதினார். நாலே வரி.

"படம் கிடைத்தது. கூட்டுக்குள் முகம் தெரியவில்லை. அது நீதான் என்று அம்மா சொல்கிறா. அதைக் கழற்றிவிட்டு இன்னொரு படம் எடுத்து அனுப்பு."

அனுப்புவேன் என்று நினைத்தேன். மேசையில் கடிதத்தை நிமிர்த்தி வைத்திருந்தேன். டெரன்ஸ் தன் கமராவில் எடுத்தும் தந்தான். கழுவக் கொடுக்காமல் ஃபிலிம் சுருளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். இன்றைக்கு, நாளைக்கு என்று ஒரு வருடம் போனது.

அந்த வருடந்தான் அமெரிக்கர்கள் ஐரோப்பாவில் ஒரு லீக் தொடங்கினார்கள். முழுநேர விளையாட்டு, சம்பளம். லண்டனுக்கு ஒரு அணி, வெம்பிளி அரங்கம்தான் வீடு. உள்ளூர் ஆட்களையும் சிலரை எடுக்கவேண்டும் என்று ஒரு விதி வைத்தார்கள். வால்டர் என் பேரைக் கொடுத்தார். தேர்வு அந்தச் சனிக்கிழமை. ஒரு நாள், ஒரு முறை. தவறவிட்டால் பேக்கரிதான்.

சிவநேசன் அண்ணை கடைக் கண்ணாடியில் ஒரு கடதாசி ஒட்டினார். "சனிக்கிழமை எங்கள் தம்பிக்குத் தேர்வு. வாழ்த்துவோம்." கிழித்து எறியச் சொன்னேன். கேட்கவில்லை.

மூன்று நாள் மரியாதை

வியாழக்கிழமை பின்னேரம் பயிற்சி முடிந்து வந்தேன். வீடு அமைதியாக இருந்தது. எப்போதும் பாட்டுப் போடுகிற கசெட் பிளேயர் நிறுத்தியிருந்தது. மனோ அக்கா, சிவநேசன் அண்ணையின் மனைவி, எனக்குச் சோறு போட்டா. மீன் இல்லை. வியாழனில் அந்த வீட்டில் மீன் இல்லாமல் நான் பார்த்ததில்லை.

"என்னக்கா, விரதமோ?"

"ஓமப்பன். ஒரு நேர்த்திக்கடன்." என் முகத்தைப் பார்க்காமல் இன்னும் ஒரு அகப்பை சோறு போட்டா.

வெள்ளிக்கிழமை கடைக்குப் போனேன். வழக்கமாக என்னைப் பிய்த்து எடுக்கிறவர்கள் மூன்று பேர் நின்றார்கள். நான் நுழைந்ததும் கதை நின்றது. ஒருவர் வழி விட்டார். இன்னொருவர், சட்டிப் பகிடி விடுகிறவர், என் தோளில் கை வைத்து "கவனம் தம்பி" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? என்னை மதிக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று நினைத்தேன். நான் பெரிய ஆளாகப் போகிறேன், அதனால்தான் குரலைத் தாழ்த்துகிறார்கள், வழி விடுகிறார்கள் என்று. ஈலிங் ரோட்டில் காற்றில் நடப்பது போல நடந்தேன். சேலைக் கடைக் கண்ணாடிகளில் என் நிழல் என்னோடு கூட வந்தது. மாம்பழப் பெட்டிகளின் மணம், பான் கடையின் மணம், மழை நின்ற தெருவின் மணம். எல்லாம் எனக்காகவே என்று இருந்தது. அப்படி ஒரு பின்னேரம் அதற்குப் பிறகு எனக்கு வரவில்லை.

அன்றைக்கே கோயிலுக்குப் போய் ஒரு தேங்காய் உடைக்க வெளிக்கிட்டேன். மனோ அக்கா கதவை மறித்துக்கொண்டு நின்றா.

"இண்டைக்கு வேண்டாம் குலம். கோயில் பூட்டு."

"வெள்ளிக்கிழமை கோயில் பூட்டோ?"

"திருத்த வேலையாம்."

"ஆர் சொன்னது?"

"சொன்னால் கேளன். சண்டை பிடிக்காதை."

"நாளைக்கு எனக்குத் தேர்வு. ஒரு தேங்காய் உடைக்கவும் உங்களிட்ட உத்தரவு வேணுமோ?"

கத்தினேன். அவ திருப்பிக் கத்தவில்லை. உள்ளே போய்ச் சாமி அலுமாரியின் கதவையும் சாத்திவிட்டா. சனி காலை திருநீறு பூசப் போனபோதும் அது சாத்தியேதான் இருந்தது.

எங்கள் ஆட்களுக்கு இப்போது விளங்கியிருக்கும். எனக்கு மட்டும் அப்போது விளங்கவில்லை. மனோ அக்கா பொய் சொல்லத் தெரியாத மனுசி. அவவால் புருசனின் பேச்சை மீற முடியவில்லை. தீட்டுப்பட்ட துடக்குக்காரனைக் கோயிலுக்குள் விடவும் முடியவில்லை. இரண்டுக்கும் நடுவில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றா.

எறிந்தது

தேர்வு மைதானத்துக்குச் சிவநேசன் அண்ணைதான் வான் வண்டியில் கொண்டுபோனார். சிவப்பு விளக்கில் நின்றபோது திரும்பி என் தோள்பட்டியைச் சரிசெய்துவிட்டார். அது சரியாகத்தான் இருந்தது.

நாற்பது பேர் அளவில் வந்திருந்தார்கள். எறிய வந்தவர்கள் மூன்று பேர். மற்ற இருவரும் என்னை விட ஒரு அடி உயரம். அமெரிக்கர்கள் நிறுத்து கடிகாரத்தோடும் எழுதும் அட்டையோடும் நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை.

ஹெல்மெட் போட்டால் வெளிச்சத்தம் தள்ளிப் போய்விடும். சொந்த மூச்சுத்தான் பெரிதாகக் கேட்கும். கடல் சங்கைக் காதில் வைத்தது போல. அன்றைக்கு அந்த மூச்சுக்குப் பின்னால் வண்டுச் சத்தமும் கேட்டது. ஏறும், இறங்கும், நிற்கும். நான் அதைத் துரத்தவில்லை. அது இருந்தது.

டெரன்ஸும் வந்திருந்தான். குனிந்து பந்தைத் தந்தான். வாங்கினேன். பின்னுக்கு ஐந்து அடி. எல்லாம் மெதுவாக நடந்தது. ஓடி வருகிறவர்களின் வாயிலிருந்து புகை எழும்புவது தெரிந்தது. ஒருவனின் சப்பாத்துக் கயிறு அவிழ்ந்திருந்தது தெரிந்தது. தூரத்தில் என் ஆள் இடப்பக்கமாக வளைந்து ஓடினான். அவன் இல்லாத ஒரு புல் துண்டைப் பார்த்து எறிந்தேன்.

பந்து போய்க்கொண்டே இருந்தது. இன்றைக்கும் கண்ணை மூடினால் அது போய்க்கொண்டுதான் இருக்கிறது. வெயில் ஒரு பக்கத்தில் பட்டு, சுழன்று, மண்ணிறமும் வெள்ளையுமாக. பிறகு டப்.

அதற்குப் பிறகு எறிந்தவை எல்லாம் அதே மாதிரித்தான் போயின. என் கை என்னைக் கேட்கவில்லை. அட்டை வைத்திருந்தவர் அட்டையைக் கீழே பிடித்துக்கொண்டு பார்த்தார். டெரன்ஸ் என் ஹெல்மெட்டில் தலையால் இடித்து, "கூல், நீ இங்க இல்லையடா. எங்கயடா நிக்கிறாய்?" என்றான்.

ஓரத்தில் சிவநேசன் அண்ணை நின்றார். அன்றைக்குக் கை தட்டவில்லை. முகத்தைக் கைலேஞ்சியால் மூடிக்கொண்டு நின்றார். சந்தோஷத்தில் அழுகிறார் என்று நினைத்தேன்.

வானுக்குள்

அணிக்கு எடுத்துவிட்டோம் என்று பின்னேரம் நாலு மணி போலச் சொன்னார்கள். வானில் ஏறினேன். அவர் வானை எடுக்கவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கில்.

"குலம். அப்பா போயிட்டார்."

"எங்க?"

அப்படித்தான் கேட்டேன். எங்கே என்று.

அப்பாவுக்கு நெஞ்சு வருத்தம் வந்து கொழும்புக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். எனக்குச் சொல்லவேண்டாம், பயப்படுவான் என்று அப்பாவே சொல்லியிருக்கிறார். கூட வந்தது அம்மாவும் மச்சான் ஜெயனும். வியாழன் காலை அப்பா முடிந்துவிட்டார். அம்மா வெள்ளவத்தையில் காசு கட்டித் தொலைபேசி எடுக்கிற ஒரு கொமியூனிகேஷன் கடையிலிருந்து லண்டனுக்கு எடுத்தா. அது முதலாவது அழைப்பு. நான் வெளியூரில் நிற்கிறேன், சொல்லி அனுப்புகிறேன் என்று சிவநேசன் அண்ணை சொன்னார். நான் அப்போது இரண்டு தெரு தள்ளிப் பேக்கரியில் பாண் அடுக்கிக்கொண்டு நின்றேன்.

வெள்ளிக்கிழமை இரண்டாவது அழைப்பு. நான் ஒரே பிள்ளை. கொள்ளி வைக்க நான் இல்லை. ஜெயன் வைக்கலாமா என்று என்னிடம் கேட்கச் சொல்லி அம்மா எடுத்திருக்கிறா.

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"உன்னட்டைக் கேட்டனான், ஜெயன் வைக்கட்டாம் எண்டு சொன்னன்."

"என்ர பேரிலயோ?"

"வேற என்ன செய்ய? பிரேதத்தை எத்தினை நாள் வச்சிருக்கிறது?"

"அப்ப எனக்குத் தெரியும் எண்டு அம்மா நினைக்கிறா. தெரிஞ்சுகொண்டும் நான் ரெலிபோன் எடுக்கேல்லை எண்டு நினைக்கிறா."

அவர் கைலேஞ்சியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"அண்ணை, ஏன் இப்பிடிச் செய்தனீங்கள்?"

"அப்பா போனது போனதுதான். உன்ர வாழ்க்கையும் போகவேணுமோ? கலியாண வீடெண்டா, சோதனையெண்டா நாங்கள் இப்பிடித்தானே செய்யிறது? என்ர சோதனை முடியுமட்டும் என்ர தாய் செத்ததை எனக்கும் மறைச்சவைதான். நான் செத்தே போனன்?"

அது எங்கள் வழக்கம். இல்லையென்று சொல்லமாட்டேன். மாப்பிள்ளை தாலி கட்டும்வரை சாவை மறைத்த வீடுகள் எனக்கே தெரியும். நல்லெண்ணம் என்று சொல்லுவார்கள். முழு வெம்பிளிக்கும் தெரிந்தது. மீன் பொரிக்காமல், பாட்டுப் போடாமல், வழி விட்டு, எனக்குத் தெரியாமல் என் அப்பாவுக்கு எல்லாரும் துக்கம் காத்தார்கள். நான் அதை எனக்குக் கிடைத்த மரியாதை என்று எடுத்துக்கொண்டு நடந்தேன்.

பிறகு கேட்டேன். "காலமை வந்த அழைப்பு?"

அவர் வானை எடுத்தார். "அம்மாதான். அழுதவா. வேற ஒண்டுமில்லை."

வீட்டுக்கு வந்ததும் பூட்டைத் திறந்து தந்தார். அங்கே நடுச்சாமம். கடை எடுக்கவில்லை. விடிந்து எடுத்தபோது கடைக்காரர் சொன்னார், அம்மாவும் ஜெயனும் விடியற்காலை ரயிலில் வடக்குக்குப் போய்விட்டார்கள் என்று. ஊரில் தொலைபேசி இல்லை. சண்டையில் கம்பி அறுந்து எவ்வளவோ காலம்.

இரண்டு வசந்தம்

என் தொழில் வாழ்க்கை இரண்டு வசந்தம். மூன்றாவது குவார்ட்டர்பேக் என்றால் வேலை என்ன? ஓரத்தில் நின்று கையால் சைகை காட்டுவது. உதைக்கிறவனுக்குப் பந்தை நிலத்தில் நிமிர்த்திப் பிடிப்பது. ஒரு விரல் நுனியில் பந்து நிற்கும். அவன் ஓடி வந்து உதைப்பான். பந்து போன பிறகும் விரல் அங்கேயே நிற்கும்.

எறிய விட்டது ஒரே ஒரு நாள். முதலாமவனுக்கு முழங்கால், இரண்டாமவனுக்கு வயிறு. சுரங்க வழியால் ஓடி வெளிச்சத்துக்குள் வந்தபோது அரங்கம் ஒரு பெரிய கிண்ணம் மாதிரி இருந்தது. சனத்தின் இரைச்சல் தனித்தனிக் குரலாக இல்லை, மழையாக இருந்தது. நாலு எறி எறிந்தேன். மூன்று டப். நாலாவதை எதிராளி பிடித்துவிட்டான். அந்த மழைக்குள்ளும் எனக்கு வண்டுச் சத்தம் கேட்டது.

இரண்டாம் வருடம் முடிய அமெரிக்கர்கள் லீக்கை நிறுத்திவிட்டார்கள். தோளும் அதோடு சரி. நான் வருத்தப்படவில்லை.

அந்தத் தேர்வுக்கு அடுத்த கிழமையே சட்டைப் பைச் சுருளைக் கழுவக் கொடுத்தேன். ஹெல்மெட் இல்லாத படத்தை அம்மாவுக்கு அனுப்பினேன். நடந்தது முழுவதையும் எழுதினேன். எனக்குத் தெரியாது அம்மா, எனக்கு யாரும் சொல்லவில்லை அம்மா என்று எழுதினேன். அந்தக் காலத்தில் கடிதம் போனால் போனது, போகாவிட்டால் போகவில்லை.

அம்மாவிடமிருந்து இரண்டு கடிதம் வந்தது. முதலாவது நான் அனுப்பியது போய்ச் சேர முன்னமே எழுதியது. அதில் இப்படி ஒரு இடம்: "ரெலிபோனில் நான் சொன்னதைச் சிவநேசன் தம்பி உனக்குச் சொல்லியிருப்பார். அதைத் திரும்ப எழுத எனக்குப் பலமில்லை. அதை மட்டும் மறவாதே." இரண்டாவது ஒரு வருடம் கழித்து: "படம் கிடைத்தது. மெலிந்திருக்கிறாய். அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்." நான் எழுதியது போய்ச் சேர்ந்ததா, படம் மட்டும் சேர்ந்ததா, தெரியாது. பிறகு ஊர் இடம்பெயர்ந்தது. அம்மா காட்டுப் பக்கம் ஒரு கொட்டிலில் காய்ச்சலில் போய்விட்டா. அந்தச் செய்தியை எனக்கு யாரும் மறைக்கவில்லை. மறைக்க ஒரு விளையாட்டும் இருக்கவில்லை.

ஜெயன் இப்போது கனடாவில். அந்த மூன்றாவது அழைப்பைப் பற்றி அவனிடம் கேட்டேன்.

"மச்சான், நான் கொமியூனிகேஷன் கடைக் கண்ணாடிக்கு வெளியில நிண்டனான். மாமி கதைச்சுக்கொண்டே நிண்டவா. அழேல்லை. அது எனக்கு நல்ல ஞாபகம். ஒரு சொட்டுக்கூட அழேல்லை."

அழுதா, வேறொன்றுமில்லை என்று நீங்கள் சொன்னீர்கள் அண்ணை. அவன் அழவில்லை என்கிறான். இதை உங்கள் வீட்டில் வைத்து நாலு தரம் கேட்டேன். நாலு தரமும் "பழசைக் கிளறாதை" என்றீர்கள்.

மலரில் வந்த வரி

சங்க மலரில் உங்கள் கட்டுரையைப் பார்த்தேன். லண்டனில் முதல் தமிழ் குவார்ட்டர்பேக்கை உருவாக்கிய கதை என்று போட்டிருக்கிறீர்கள். உருவாக்கியதாகவே இருக்கட்டும். குடை பிடித்தது நீங்கள்தான். ஆனால் மூன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள்: "தேர்வு நாளன்று அவருடைய தாயார் தொலைபேசியில் என்னிடம் கூறிய வார்த்தைகளை உயிருள்ளவரை மறக்கமாட்டேன்."

மறக்கமாட்டீர்கள். அப்படியென்றால் வார்த்தைகள் இருந்தன.

அம்மா என்னைச் சபித்தாவா? அப்பன் செத்தும் பந்து விளையாடப் போனவன் என் பிள்ளை இல்லை என்றாவா? அல்லது போகட்டும், விளையாடட்டும் என்றாவா? இரண்டில் எதுவும் எனக்குப் பாரமில்லை. இந்த வயதில் இரண்டையும் தாங்குவேன். தெரியாமல் இருப்பதுதான் ஏலாது. பனிக்குள் எறிந்துவிட்டு இத்தனை வருடமாகக் காது கொடுத்து நிற்கிறேன்.

எனக்கும் இதில் பங்கு இருக்கிறது. அந்தக் காலை நான் படியில் இருந்து எழும்பி, "றிசீவரைத் தாங்கோ" என்று கேட்டிருக்கலாம். என் அம்மாவின் குரல் எனக்கு மூன்று அடி தூரத்தில் இருந்தது. ராங் நம்பர் இல்லை என்று எனக்குத் தெரியும். ஏதோ ஒன்று நடந்துவிட்டது என்றும் தெரிந்தது. கேட்டால் போக முடியாது என்பதும் தெரிந்தது. அதனால் சப்பாத்தைக் கட்டினேன். என் பங்கு அது. எழுதிவிட்டேன்.

உங்கள் பங்கை நீங்கள் எழுதுங்கள். வீட்டுக்கு வா, கதைப்போம் என்று ஆள் அனுப்பவேண்டாம். நான் வரமாட்டேன். நீங்கள் ஊர் பார்க்க மலரில் எழுதினீர்கள். ஊர் பார்க்கவே பதில் சொல்லவேண்டும். ஆசிரியரிடம் கேட்டுவிட்டேன். உங்களுக்காக இதே பக்கத்தில் இடம் விடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

சிவநேசன் அண்ணை, அந்தச் சனிக்கிழமை காலை மூன்றாவது அழைப்பில் என் அம்மா என்ன சொன்னா? ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் இங்கே எழுதுங்கள்.